ஊசி இல்லாமல் தோல் வழியே நோயைப் பார்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. அதனால்தான் ஊசியே வேண்டாம், தோலைத் துடைத்தால் போதும், ஒளி பாய்ச்சினால் போதும் என்று வரும் செய்திகளுக்கு எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தச் செய்திகளில் சில அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைகளில் நடப்பவை. சில இன்னும் சுண்டெலியைத் தாண்டவில்லை. சில வெறும் விளம்பரம். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கேள்வி பதில்.

தோல் வழியே ‘சாம்பிள்’ எடுப்பது என்றால் எதை எடுக்கிறார்கள்?

எளிதில் கிடைப்பது வியர்வை. அடுத்தது, எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய்ப்பசை, சீபம் என்பார்கள். உதிரக் காத்திருக்கும் செத்த செல்களைப் பிளாஸ்திரியால் ஒட்டி எடுக்கலாம். இன்னும் சற்று ஆழத்தில், செல்களுக்கு இடையே ஊறி நிற்கும் திசுத் திரவம் இருக்கிறது. உராய்ந்து எழும்பிய கொப்புளத்தை உடைத்தால் கசியும் தெளிந்த நீர் கிட்டத்தட்ட அதுதான். ஆராய்ச்சியாளர்களுக்கு அதிக ஆசை இதன் மேல்தான். ரத்த நாளங்களிலிருந்து கசிந்து வருவதால், ரத்தத்தில் இருக்கும் சின்ன மூலக்கூறுகள் பெரும்பாலும் இதிலும் இருக்கும்.

எதையும் எடுக்காமல், ஒளியை உள்ளே அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கும் கருவிகளும் உண்டு. கறாராகச் சொன்னால் அது சாம்பிள் எடுப்பது ஆகாது. ஆனால் கேட்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்பதால் இங்கேயும் சேர்த்திருக்கிறேன்.

தோல் என்பதே உள்ளே இருப்பதை வெளியே விடாத சுவர்தானே?

ஆமாம், தொல்லையே அங்கேதான். ஒட்டும் டேப் ஒரு துண்டு எடுத்து முன்கையில் அழுத்தி, மெதுவாக உரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மாவு தூவியதுபோல் மங்கலாக ஒன்று ஒட்டியிருக்கும். அது செத்துத் தட்டையான செல்கள். அந்தச் செல்களைச் செங்கல்லாகவும் இடையில் இருக்கும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டியதுதான் தோலின் மேலடுக்கு. மொத்தக் கனம் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. புதுப் புது டேப்பாக அதே இடத்தில் பல முறை உரித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தோல் சிவந்து ஈரமாகப் பளபளக்கும். சுவர் போய்விட்டது என்று அர்த்தம். (நீங்கள் முதல் டேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

இவ்வளவு மெல்லிய சுவர் என்றாலும் காவல் கடுமையானது. தோல் மருத்துவத்தில் ‘500 டால்டன் விதி’ என்று ஒன்று உண்டு: மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால், முழுமையான தோலை ஊடுருவுவது மிகவும் கடினம். இன்சுலின் சுமார் 5,800 டால்டன். மாரடைப்பில் அளக்கும் டிரோபோனின் ஐ சுமார் 24,000. குளுக்கோஸ் வெறும் 180தான், ஆனால் அது நீரில் கரையும் பொருள். கொழுப்புச் சாந்துக்குள் அதற்கு வழி கிடைப்பதில்லை. ஆகவே வியர்வைத் துளை, மயிர்க்கால் போன்ற இயற்கையான ஓட்டைகளைப் பயன்படுத்த வேண்டும், அல்லது சுவரில் நாமே சின்னதாக ஓட்டை போட வேண்டும். மின்சாரம், மீயொலி, நுண்ணூசி எல்லாம் அந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

ரத்தத்தில் இருப்பதெல்லாம் வியர்வையிலும் இருக்குமா?

பல இருக்கும், ஆனால் அளவு பொருந்தாது. வியர்வையில் உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், அம்மோனியா, கார்டிசால் எல்லாம் உண்டு. குளுக்கோஸும் உண்டு, ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்தத் துளியூண்டை அளப்பது இன்று பெரிய விஷயம் இல்லை. அளந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல். வேகமாக வியர்த்தால் ஒரு அளவு, மெதுவாக வியர்த்தால் வேறு அளவு. தோலின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த சர்க்கரையும் சேர்ந்துவிடும். வியர்வையின் லாக்டிக் அமிலத்தில் பெரும்பங்கு வியர்வைச் சுரப்பி தானே வேலை செய்யும்போது உண்டாக்குவது. அதை ரத்தக் கணக்கில் எழுத முடியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்: நோயின் தடயம் தோலிலேயே தங்கியிருக்கும்போது இந்த முறைகள் நன்றாக வேலை செய்கின்றன. ரத்தத்தில் இருப்பதைத் தோல் தூது சொல்ல வேண்டும் என்று வரும்போது தடுமாறுகின்றன.

வியர்வையை வைத்து உண்மையிலேயே கண்டுபிடிக்கிற நோய் ஏதாவது உண்டா?

உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் இது. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் இருக்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. காரணம் புரிய 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது. 1948 கோடையில் நியூயார்க்கில் வெப்ப அலை அடித்தபோது, வெயில் தாங்காமல் துவண்டு வந்த குழந்தைகளில் இந்த நோய் இருந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். அதைப் பின்தொடர்ந்து போன பால் டி சான்ட் ஆக்னேஸ் என்ற மருத்துவர், அவர்களின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி இருப்பதை 1953-இல் காட்டினார். 1959-இல் லூயிஸ் கிப்சன், ராபர்ட் குக் இருவரும் பாதுகாப்பாக வியர்வை வரவழைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் நடப்பது அதன் வாரிசுதான்.

ஏன் இது இவ்வளவு நம்பகமானது? வியர்வை சுரப்பியின் அடியில் ஊறும்போது எல்லோருக்கும் உப்பாகத்தான் ஊறுகிறது. குழாய் வழியே மேலே ஏறும்போது உடல் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உறிஞ்சலுக்கு குளோரைடு போகும் வாசல் ஒன்று வேண்டும். இந்த நோயில் பழுதானது அந்த வாசலேதான். ஆக, இங்கே வியர்வை ரத்தத்தின் சேதியைக் கொண்டுவரவில்லை. பழுதான இடத்திலிருந்தே வருகிறது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்வார்கள். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் மரபணுச் சோதனை, மறுபடியும் வியர்வைச் சோதனை என்று போகும்.

குழந்தைக்கு அந்தச் சோதனை வலிக்குமா?

முன்கையில் பைலோகார்பின் மருந்து ஊறிய இரண்டு சின்ன ஜெல் வில்லைகளை வைத்து, ஐந்து நிமிடம் மெல்லிய மின்சாரம் விடுவார்கள். ஊறுகிற மாதிரி, லேசாகக் குறுகுறுக்கிற மாதிரி இருக்கும். எடுத்த பிறகு வில்லை இருந்த இடத்தில் வட்டமாகச் சிவந்திருக்கும்; அந்த வட்டத்தின் மேல் கடிகாரம்போல் ஒரு சேகரிப்பானைக் கட்டுவார்கள். அதன் உள்ளே கொசுவர்த்திச் சுருள்போல் சுற்றிய மெல்லிய குழாய் இருக்கும். வியர்வை ஏற ஏற, உள்ளே வைத்திருக்கும் சாயம் கரைந்து சுருள் நீல நிறமாக நீண்டுகொண்டே போகும். அரை மணி நேரம். சில குழந்தைகள் தூங்கிவிடும். பெற்றோர்தான் சுருளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குறைந்தது 15 மைக்ரோலிட்டர் வேண்டும், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. பிஞ்சுக் குழந்தைகளிடம் சில சமயம் அதுவும் தேறாது. ‘சாம்பிள் போதவில்லை, மறுபடி வாருங்கள்’ என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அது நோயைப் பற்றிய தகவல் அல்ல, அளவைப் பற்றிய தகவல் மட்டுமே.

பிறந்த குழந்தையின் நெற்றியில் ஒரு கருவியை வைத்து மஞ்சள் காமாலை பார்க்கிறார்களே, அது சரியாக இருக்குமா?

பழைய தாதிகள் குழந்தையின் நெற்றியிலோ மார்பிலோ கட்டைவிரலை அழுத்தி எடுப்பார்கள். ரத்தம் விலகி வெளுத்த அந்த ஒரு நொடியில் அடியில் இருக்கும் மஞ்சள் தெரியும். கருவி செய்வதும் ஏறக்குறைய அதுதான். வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் நீலம் எவ்வளவு விழுங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் அளவைக் கணக்கிடுகிறது. 1980-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை அறிமுகப்படுத்தினார்கள். பிலிருபின் தோலிலேயே படியும் நிறமி என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. எத்தனையோ குதிகால் குத்தல்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஆனால் இது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. எண் சிகிச்சை வரம்பை நெருங்கினால் ரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். நீல விளக்கின் கீழ் வைத்திருந்த குழந்தைக்கு இன்னும் கவனம் வேண்டும்: விளக்கு தோலில் உள்ள மஞ்சளை முதலில் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அதே வேகத்தில் குறைந்திருக்காது. கருவி நல்ல சேதி சொல்வதுபோல் இருக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இந்த வகைதானா?

ஆமாம், இந்தக் குடும்பத்திலேயே அதிகம் வெற்றி பெற்றது அதுதான். ஜப்பானில் டாகுவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த உத்தி: சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை அனுப்பி, நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது. தோலும் எலும்பும் துடிப்பதில்லை, தமனி ரத்தம் மட்டும்தான் துடிக்கும். அதனால் மற்றதெல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

முழுக்கக் கழிந்துவிடுவதில்லை என்பது பிறகு தெரிந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி ரத்த ஆக்சிஜனை 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்த நிலை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதமும் வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதமும் இருந்தது. ஒளியை வைத்து அளக்கும் எந்தக் கருவியிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: யாருடைய தோலில் சோதித்துப் பார்த்தீர்கள்?

ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எல்லாம் சுகர் காட்டுகின்றனவே?

காட்டுகின்றன. அளக்கவில்லை. தோலைத் துளைக்காமல் தானே குளுக்கோஸை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலின் கீழ் இருக்கும் சென்சாரிடமிருந்து எண்ணை வாங்கித் திரையில் காட்டும் வாட்ச் வேறு. அது வெறும் திரை, அதில் தவறில்லை.

குளுக்கோஸுக்கு ஏன் ஆக்சிமீட்டர்போல ஒன்று செய்ய முடியவில்லை? ஆக்சிமீட்டர் பார்க்கும் ஹீமோகுளோபினுக்கு அழுத்தமான நிறம் இருக்கிறது. குளுக்கோஸுக்கு நிறமே இல்லை. அகச்சிவப்பில் அது விடும் மெல்லிய தடயத்தைத் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் மூடிவிடுகின்றன. தோலின் சூடு ஒரு பாகை மாறினாலே வரும் வேறுபாடு, சர்க்கரை மாறுவதால் வருவதைவிடப் பெரிதாக இருக்கும்.

முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரத்துக்கு 2001-இல் அமெரிக்காவில் உண்மையாகவே அனுமதி கிடைத்தது. மெல்லிய மின்சாரத்தால் தோலின் வழியே உப்பு அயனிகளை இழுத்து, அந்த ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு வரும் குளுக்கோஸை அளந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் கட்டினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பிறகு விரலில் குத்தி அதற்குச் சரியான எண்ணைச் சொல்லித்தர வேண்டும், வியர்த்தால் அளவீட்டைத் தவறவிடும், கழற்றினால் தோல் சிவந்து அரிக்கும். சர்க்கரை தாழும்போது வியர்க்கும் என்பது நீரிழிவு உள்ளவர்களுக்குத் தெரியும். எந்த நேரத்தில் அது பேச வேண்டுமோ அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது.

சர்க்கரையைத் தொடர்ந்து காட்ட மருத்துவர் நம் கையில் ஒட்டிவிடும் சிஜிஎம் சென்சார் ஊசியில்லாததா?

இல்லை. ஒட்டும்போது ஓர் ஊசி உள்ளே போய்த் திரும்பிவிடும். சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை தோலுக்கடியில் தங்கும். அது படிப்பது திசுத் திரவத்தில் உள்ள குளுக்கோஸை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, இறங்கி, அந்தத் திரவத்துக்கு வந்து சேர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். சாப்பிட்டவுடன், ஓடி முடித்தவுடன் விரலில் குத்திப் பார்த்த எண்ணும் சென்சார் எண்ணும் வேறுபட்டால், இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. நல்ல சென்சார்களில் சராசரிப் பிழை 8 முதல் 10 சதவீத அளவில் இருக்கிறது. சில வகைகளில் அதிகமாக வைட்டமின் சி எடுத்தால் எண் உயர்ந்து தெரியும். சில பழைய வகைகளைப் பாராசிட்டமால் ஏமாற்றியது. கூடவே வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

நுண்ணூசி பேட்ச் என்று படித்தேன். அது என்ன?

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் முளைத்த சின்னப் பட்டை. விரலால் தடவினால் சொரசொரப்பான உப்புத்தாள்போல் இருக்கும். மேலடுக்கைத் தாண்டும் அளவுக்குப் போகும், வலி நரம்பும் பெரிய ரத்த நாளமும் இருக்கும் ஆழத்துக்குப் பெரும்பாலும் போகாது. இந்த யோசனைக்கு 1970-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இவ்வளவு சின்ன ஊசியை வார்க்கும் நுட்பம் வந்தது 1990-களின் கடைசியில், சிப் தயாரிக்கும் முறைகளிலிருந்து.

மருந்தை உள்ளே செலுத்துவதில் இது வேகமாக முன்னேறியது. வெளியே எடுப்பதில் முட்டுக்கட்டை திரவத்தின் அளவு: பல நிமிடம் அழுத்தி வைத்திருந்தாலும் சில மைக்ரோலிட்டர்தான் தேறும். லேப் கருவிகள் அவ்வளவு கொஞ்சத்தை வைத்து என்ன செய்யும்? அதனால் சிலர் திரவத்தை வெளியே எடுக்கும் ஆசையையே விட்டுவிட்டார்கள். ஊசி முனையில் எதிர்ப்புரதங்களைப் பூசி, வேண்டிய புரதத்தை உள்ளேயே பிடித்து ஒட்டவைத்து, பட்டையை உரித்து எடுத்துப் படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டெங்குவின் என்எஸ்1 புரதத்தை இப்படிச் சுண்டெலிகளிடம் பிடித்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகாந்த் சிங்கமனேனி குழு, பிடிபட்ட புரதத்தின் மேல் பன்மடங்கு பிரகாசமாக ஒளிரும் நானோ துகளைப் பொருத்தி, மிகக் குறைந்த அளவையும் படித்துக் காட்டியது (2021). எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான். பக்கத்து மருந்துக்கடைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை.

பார்கின்சன் (நடுக்குவாத) நோயை மோந்து கண்டுபிடித்த பெண்மணி கதை உண்மையா?

உண்மை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலி ஜாய் மில்ன். கணவருக்குப் பார்கின்சன் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவரிடம் ஒரு புது வாடை வந்ததைக் கவனித்திருந்தார். பின்னர் நோயாளிகள் கூடிய ஓர் இடத்தில் அதே வாடை எல்லோரிடமும் அடித்தபோதுதான் பொறி தட்டியது. எடின்பரோவில் பன்னிரண்டு டிசர்ட்டுகளைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். ஆறு நோயாளிகள் போட்டவை, ஆறு மற்றவர்கள் போட்டவை. ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரின் சட்டையிலும் வாடை இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அந்த ஒன்றைத் தவறு என்று குறித்துக்கொண்டார்கள். சுமார் எட்டு மாதம் கழித்து அந்த ஆளுக்கும் பார்கின்சன் உறுதியானது.

வாடை வந்தது வியர்வையிலிருந்து இல்லை, மேல்முதுகின் எண்ணெய்ப்பசையிலிருந்து. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்டிட்டா பாரன் குழு முதுகைக் காஸ் துணியால் துடைத்து எடுத்து, நிறமாலைக் கருவியில் எந்தெந்த மூலக்கூறுகள் மாறியிருக்கின்றன என்று தேடி 2019-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. இந்த நோயில் எண்ணெய்ச் சுரப்பு கூடுவது மருத்துவர்கள் முன்பே அறிந்தது. தடயம் தோலிலேயே இருக்கிறது. ஆனாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலைதான்; முதுகைத் துடைத்துக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கும் வழக்கமான சோதனையாகவில்லை.

மச்சத்தில் பிளாஸ்திரி ஒட்டிப் புற்றுநோய் பார்க்கலாமா?

சந்தேகமான மச்சத்தின் மேல் அடுத்தடுத்து நான்கு ஒட்டுகளை அழுத்தி உரித்து, ஒட்டிக்கொண்ட செல்களில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு உரிய மரபணுக்கள் இயங்குகின்றனவா என்று பார்க்கும் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. வெட்டி எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அது ஒரு துணை. உள்ளங்கை, உள்ளங்கால், புண்ணான இடம் இதற்குத் தோதுப்படாது. ரத்தம் கசியும், வேகமாக வளரும் மச்சம் என்றால் பிளாஸ்திரியைத் தேடாதீர்கள், தோல் மருத்துவரைத் தேடுங்கள்.

குடித்திருப்பது தோலில் தெரியுமா?

தெரியும். உள்ளே போன ஆல்கஹாலில் ஏறக்குறைய ஒரு சதவீதம் தோல் வழியே ஆவியாகிறது. சில நாடுகளில் நீதிமன்ற உத்தரவின்பேரில் கணுக்காலில் மாட்டும் பட்டை அதைத்தான் மோந்து பார்க்கிறது. ரத்தத்தைவிடத் தாமதமாகத் தெரிய வரும், அவ்வளவுதான்.

‘90 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் வருகிறது. எப்படி எடைபோடுவது?

ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். வெறும் பெட்டி ஒன்று செய்து, யார் கையை வைத்தாலும் ‘90’ என்று காட்டும்படி வைப்போம். உள்ளே சென்சாரும் இல்லை, ஒன்றும் இல்லை. நீரிழிவு இல்லாதவர்களை வெறும் வயிற்றில் கூட்டி வந்து சோதித்தால், அவர்களில் பெரும்பாலோரின் சர்க்கரை 75-க்கும் 110-க்கும் இடையில் இருக்கும். நம் பெட்டியின் பிழை அநேகமாக எல்லோரிடமும் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அசத்தலான துல்லியம்! சர்க்கரை 50-க்கு இறங்கித் தலைசுற்றும் ஒருவரிடமும் அது ‘90’ என்றே சொல்லும்.

ஆகவே யாரிடம் சோதித்தார்கள், மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த அளவுகளில் எப்படி நடந்துகொண்டது, அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டார்களா, முதலில் விரலில் குத்தி எண் கொடுக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் கருவி நாம் கொடுத்த எண்ணையே சுற்றிச் சுற்றிச் சொல்லக்கூடும். விளம்பரத்தில் இதெல்லாம் இல்லையென்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு மூன்று மணிக்கு சென்சார் அலறுகிறது. சுகர் 52 என்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள் என்று பாருங்கள். சென்சார் ஒட்டிய கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்துத் திசு நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும், சுற்றியிருக்கும் திரவத்தில் குளுக்கோஸும் குறையும். உடம்பு முழுக்கச் சரியாக இருந்தாலும் அந்த விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் உண்மையாகவே சர்க்கரை தாழ்ந்திருக்கும். சென்சார் தான் பார்த்ததைத்தான் சொல்கிறது.

ஆனால் ‘அழுந்தியதால்தான்’ என்று நீங்களாக முடிவு கட்டித் தூங்கிவிடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலில் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஏதாவது இருந்தால் குத்திப் பார்க்கவும் காத்திருக்க வேண்டாம், முதலில் இனிப்பைச் சாப்பிடுங்கள். ஒன்றும் இல்லை, விரலிலும் நல்ல எண் என்றால் மறுபக்கம் திரும்பிப் படுங்கள். கொஞ்ச நேரத்தில் சென்சார் எண் தானாகவே ஏறிவிடும். அடுத்த முறை ஒட்டும்போது எந்தப் பக்கமாகப் படுப்பீர்கள் என்பதை நினைவில் வைத்துக் கையைத் தேர்ந்தெடுங்கள்.